வலது மூலையில் ஒரு பிளாஸ்திரி

இந்தக் கதையில் நெருப்பு கக்கும் நாகம் வருகிறது. வாளும் வில்லுமாக அலைகிற ஆட்கள் வருகிறார்கள். அவர்களால் யாருக்கும் ஒரு சிராய்ப்புகூட ஏற்படப்போவதில்லை, அதனால் பயந்த சுபாவம் உள்ளவர்கள் எழுந்து போக வேண்டாம். படிவம் வருகிற இடத்தில் மட்டும் பக்கத்தில் இருப்பவர் கையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

ஷைனிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான்கு வருடங்களுக்கு முன்பு, இரண்டாயிரத்து இரண்டில், இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்காக அப்பா பவுல்ராஜோடு மெட்ராஸ் போனவள். பெரிய ஹாலில் ஒரு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நிமிடமும் இடங்கள் கரைந்துகொண்டிருந்தன. பின்னால் வரிசை மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஷைனி ஐ.டி. என்ற வரியைக் காட்ட விரலை நீட்டினாள். விரல் நடுங்கி ஒரு வரி தள்ளிப் போய் நின்றது. "கன்ஃபார்ம் பண்ணிரவாம்மா?" என்று எதிரில் இருந்தவர் கேட்டார். என்ன கேட்கிறார் என்று புரிவதற்கு முன்பே தலை ஆடிவிட்டது. இப்படித்தான் ஐ.டி. படிக்கப் போன பெண் நான்கு வருடம் தோல் தொழில்நுட்பம் படித்தாள்.

அதிலிருந்து அவளுக்கு எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. சின்னாளப்பட்டியில் இரண்டு சுங்குடிச் சேலையை விரித்து, "எது வேணும் பாப்பா?" என்று கேட்டதற்கு உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். ஓட்டலில் இட்லியா தோசையா என்றால் அப்பா முகத்தைப் பார்ப்பாள். அப்பா சர்வர் முகத்தைப் பார்ப்பார்.

அந்த நான்கு வருடத்தில் கிடைத்த ஒரே நல்லது நான்சி. ஹாஸ்டலில் ஒரே அறை. ஷைனிக்குப் பதிலாக இட்லி தோசையை முடிவு செய்ததெல்லாம் அவள்தான். படிப்பு முடிந்ததும் கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். அங்கிருந்து ஒரு நாள் மெயில் வந்தது.

"நான் உலகத்துக்குள்ள வாள் வீராங்கனையா இருக்கேன்டி. வெள்ளைப் பாலத்துல நிப்பேன். நீ வைத்தியராப் பிறந்து வந்துரு. வெள்ளிக்கிழமை உங்க ஊரு நேரம் நாலரை. இவரு சாப்ட்டுத் தூங்குற ஒரு மணி நேரந்தான். அடுத்த வாரம் பாலைவனத்துக்குள்ள ஒரு கேம்புக்கு மாறிப் போறோம், அங்க நெட்டு இல்லையாம். இதான் கடைசி வெள்ளி. வந்துருவல்ல?"

உலகம் என்பது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. இங்கிலீஷில் அதற்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. திண்டுக்கல்லில் எல்லோருக்கும் அது உலகம்தான். அங்கே இருக்கிற ஆட்களெல்லாம் எங்கெங்கோ வீட்டில் உட்கார்ந்து ஆடுகிற நிஜ மனிதர்கள். உள்ளே நுழையும்போது ஐந்து தொழில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் பிறக்க வேண்டும். வாள் வீரரும் வைத்தியரும் வெள்ளைப் பாலத்தில் பிறப்பார்கள். வில்லாளிக்குக் காடு. மந்திரவாதிக்குப் பனிமலை. ஐந்தாவது தொழில் மீனவர். அவர் பிறப்பது ஒரு தீவில். அங்கிருந்து படகு கிடையாது.

திங்கட்கிழமை ஷைனி பேகம்பூரில் நைனா முகமதுவின் பிரௌசிங் சென்டருக்குப் போனாள். எட்டு கம்ப்யூட்டர்கள், எட்டும் முதுகு பெருத்தவை. எட்டின் திரையிலும் கீழே வலது மூலையில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி ஒரு துண்டு ஒட்டியிருந்தது.

"அண்ணே, உலகத்துக்குள்ள போகணும்."

"போலாம்மா. ஒதுக்கீட்டு ஆணை வச்சிருக்கியா?"

"அது எதுக்குண்ணே?"

நைனா முகமது அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "பின்ன, என்ன தொழில்ல பிறக்கணும்னு நீயா முடிவு பண்ணிருவியா? ஒரு தடவ பிறந்துட்டா மாத்த முடியாதும்மா. சங்கம் இருக்கு, அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அவங்க ஆணை இல்லாம உள்ள விட்டேன்னா ஊருல ஒருத்தரும் என் கடைக்கு வர மாட்டாங்க."

மாத்த முடியாது. அந்த இரண்டு சொல்லும் ஷைனிக்கு மெட்ராஸிலிருந்தே தெரிந்தவை. பேச்சை மாற்றுவதற்காக அந்தப் பிளாஸ்திரியைக் காட்டினாள்.

நைனா முகமது குரலைத் தாழ்த்தினார். "அதப் பாக்காத. விதி ஒம்பது. திரையின் கீழ் வலது மூலை உறுப்பினருக்கு உரியதல்ல. தலைவரே வந்து ஒட்டுனது. உரிச்சா ஆளே அழிஞ்சு போயிருவாங்களாம்."

"யாருண்ணே, உள்ள இருக்க ஆளா, வெளிய இருக்க ஆளா?"

"அது விதியில போடலம்மா."

அவர் கொடுத்த படிவத்தின் தலையில் 'திண்டுக்கல் நகர் மற்றும் சுற்றுவட்டாரக் கணினி வீரர்கள் ஒழுங்குமுறைச் சங்கம்' என்று இருந்தது. உள்ளே முப்பத்தொரு கேள்விகள். பதினோராவது கேள்வி: இதற்கு முன் வேறு உலகத்தில் பிறந்ததுண்டா? உண்டு எனில் இறப்புச் சான்றிதழ் இணைக்கவும். பதினான்காவது: விண்ணப்பதாரரின் ரத்த வகை, பிறக்கவிருப்பவரின் ரத்த வகை. இருபதாவது: பிறக்கவிருப்பவரின் புகைப்படம் மூன்று, கெஜட்டட் அதிகாரியின் சான்றொப்பத்துடன்.

வீட்டில் பவுல்ராஜ் அதை இரண்டு கையாலும் வாங்கினார். நத்தம் ரோட்டில் ஒரு புளி மண்டியில் எடை போடுகிறவர் அவர். அலுவலகம் என்றாலே செருப்பை வெளியே விட்டுவிடுகிறவர்.

"ரப்பர் ஸ்டாம்ப் இருக்கா?"

"இருக்குப்பா. மூணு."

"அப்ப சரியான எடந்தான்." பீரோவுக்கு மேலிருந்து பழைய பிளாஸ்டிக் ஃபைலை எடுத்துத் தூசி தட்டினார். மெட்ராஸுக்குப் போய் வந்த அதே ஃபைல்.

சான்றொப்பத்துக்கு ஊரில் எல்லோரும் போகிற இடம் மாட்டாஸ்பத்திரி. மற்ற கெஜட்டட் அதிகாரிகளைப் பார்ப்பது கஷ்டம். கால்நடை மருத்துவர் ஒருவர்தான் பச்சை மையோடு கண்ணெதிரில் உட்கார்ந்திருப்பார். செவ்வாய்க்கிழமை அப்பாவும் மகளும் ஒரு ஜெர்சிப் பசுவுக்குப் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

"யாரு இது?" படத்தைப் பார்த்து டாக்டர் கேட்டார். வெள்ளை அங்கியில் ஒரு பெண், கையில் மூலிகை. நைனா முகமது பிரின்ட் எடுத்துக் கொடுத்தது.

"இன்னும் பிறக்கல சார்," என்றார் பவுல்ராஜ்.

டாக்டர் படத்தையும் ஷைனியையும் ஒருமுறை பார்த்தார். "நேர்ல பாத்த மாதிரி எழுதவா, ஒரிஜினலோட ஒப்பிட்ட மாதிரி எழுதவா?"

"எது சேஃப்புங்க?"

"ரெண்டையும் எழுதிர்றேன்," என்று பச்சை மையில் இரண்டையும் எழுதினார். பிறகு பசுவின் வாலைத் தூக்கினார்.

புதன்கிழமை சங்கத்தின் பயத் தேர்வு. செயலாளர் சண்முகவள்ளி தன் வீட்டு முன்னறையிலேயே அதை நடத்தினார். சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்புகள் எப்போதும் அவருடைய கைப்பையிலேயே இருக்கும். நடக்கும்போது கடகடவென்று சத்தம் வரும். காலண்டர் அளவுக்கு ஒரு நாகத்தின் படத்தைத் தூக்கி ஷைனியின் மூக்குக்கு நேராகப் பிடித்தார்.

"பயமா இருக்கா?"

"இருக்கு மேடம்."

"பயப்படுறவங்களுக்கு வாள் கிடையாது." எழுதிக்கொண்டார்.

"பயம் இல்லாதவங்களுக்கு மேடம்?"

"அவங்க அபாயமான ஆளுக. அவங்க கையில வாளக் குடுக்கலாமா?"

"அப்ப வாள் யாருக்குத்தான் மேடம்?"

சண்முகவள்ளி பேனாவை மூடினார். "இதுவரைக்கும் அப்பிடி ஒரு நெலம வரல."

வாள் வேண்டாம், வைத்தியராக இருந்தால் போதும் என்று சொல்ல ஷைனி வாயைத் திறந்தாள். நாகத்தின் படம் இன்னும் எதிரிலேயே இருந்தது. வாயை மூடிக்கொண்டாள். இரண்டு இரவு அவள் கனவில் விரல் மட்டும் வந்தது. நீளமான, தனி விரல். எதைக் காட்டினாலும் ஒரு வரி தள்ளியே காட்டியது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தில் ஒதுக்கீடு. மதியம் ஆணை, மாலை ஐந்துக்குள் ஆணையில் கண்டபடி பிறந்துவிட வேண்டும். தவறினால் மூன்று வருடத்துக்கு விண்ணப்பிக்க முடியாது. மண்டபத்தில் நாற்பத்திரண்டு பேர். நாற்பத்திரண்டு பேர் மடியிலும் பிளாஸ்டிக் ஃபைல். மேடையில் பெரிய கரும்பலகை. வாள் வீரர் 40, வைத்தியர் 40, வில்லாளி 40, மந்திரவாதி 40 என்று எழுதியிருந்தது. மீனவர் என்பதற்கு நேராக மட்டும் அழித்து அழித்து எழுதிப் பலகை வெளுத்துப் போயிருந்தது.

தலைவர் சடையாண்டி மைக்கைப் பிடித்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் கண்காணிப்பை விடாதவர்.

"மூணு வருசமா நான் உலகத்துக்குள்ள இருக்கேன். ஒரு எலிய அடிச்சதில்ல. ஒரு மலை ஏறுனதில்ல. என் மேல ஒரு கீறல் உண்டா? காட்டுங்க பாப்போம்! இதுக்குப் பேருதான் நிர்வாகம்."

கைதட்டல்.

"மொத நாளு நானும் மந்திரவாதியாகணும்னுதான் போனேன். மறைக்கல. அமுக்குற நேரத்துல ஒரு தும்மல் வந்துச்சு. கை எடம் மாறி அமுங்கிருச்சு. மீனவனாயிட்டேன். அன்னைக்குச் சோறு இறங்கல எனக்கு. மந்திரவாதியாகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சேன். பனிமல. பிசாசு. எவனாவது சண்டைக்குக் கூப்பிட்டிருப்பான். அப்பத்தான் புரிஞ்சுச்சு, தும்மல் என்னயக் காப்பாத்தியிருக்கு! எனக்குக் கிடைச்ச பாதுகாப்பு எல்லாத்துக்கும் கிடைக்க வேணாமா? எல்லாரும் சரியான நேரத்துக்குத் தும்முவாங்கன்னு நம்பி விட்ற முடியுமா? அதுக்குத்தான் இந்தச் சங்கம்."

அடுத்து சண்முகவள்ளி ஆண்டறிக்கை வாசித்தார். இதுவரை ஒதுக்கீடு பெற்றவர்கள் இருநூற்றுப் பதினொன்று. அதில் மீனவர் இருநூற்றுப் பதினொன்று. உயிரிழப்பு இல்லை. காயம் இல்லை. பயணம் இல்லை.

ஷைனி மண்டபத்துக் கடிகாரத்தைப் பார்த்தாள். நான்சி இந்நேரம் மஸ்கட்டில் காய்கறி நறுக்கிக்கொண்டிருப்பாள். சமையல் முடிந்து, அவர் தூங்கி, அவள் பாலத்துக்கு வந்து நிற்பாள். பாலத்தில் தனியாக நிற்பாள்.

டோக்கன் எண் ஒன்று இவளுடையதாகவே இருந்தது. மேடை ஏறினாள்.

"சொல்லும்மா, என்ன விருப்பம்?" சடையாண்டி அன்பாகவே கேட்டார். அந்த அன்புதான் ஷைனியை இன்னும் பயமுறுத்தியது.

"வைத்தியர் சார்."

சடையாண்டி மைக்கைக் கீழே வைத்தார்.

"வைத்தியரா? உன் கைக்குள்ள ஒருத்தன் செத்துட்டா யாரு பதில் சொல்றது? நீயா, நானா?"

"என் ஃப்ரெண்டு வெள்ளைப் பாலத்துல நிக்கிறா சார். இன்னைக்கு மட்டுந்தான் வருவா."

"பாலத்துல நிக்கிறாளா! விழுந்துட்டா?" தலைவர் நிஜமாகவே பதறிப்போனார். சண்முகவள்ளியும் நெஞ்சில் கை வைத்தார். "உன்னயும் அங்க அனுப்பச் சொல்றியா? ஏங்க, நீங்கதான் அப்பாவா? உங்க பொண்ணப் பாலத்துல நிக்க விடுவீங்களா?"

பவுல்ராஜ் கீழே எழுந்து நின்றார். செருப்பு இல்லாத கால் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. "சார் சொல்றதுலயும் ஒரு இது இருக்கும்மா," என்றார்.

"சேஃப்பா ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் சடையாண்டி. "மீனவர். கடற்கர. காத்து. ஒரு தொந்தரவு இல்ல. கன்ஃபார்ம் பண்ணிரவாம்மா?"

அந்த வார்த்தை. ஷைனி வேண்டாம் என்றுதான் நினைத்தாள். கழுத்து அவளைக் கேட்கவில்லை. நான்கு வருடம் முன்பு ஆடியது போலவே ஆடிற்று. மூன்று ஸ்டாம்புகளும் டக் டக் டக் என்று விழுந்தன. கரும்பலகையில் மீனவர் கணக்கில் ஒன்று குறைந்தது.

ஜும்மா தொழுகை முடிந்து கடை திறந்து வெகுநேரமாகியிருந்தது. நாலு மணி இருபது நிமிடத்துக்கு ஷைனி ஆறாம் நம்பர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். ஒரு பக்கம் ஃபைலோடு அப்பா. பின்னால், சரியாகப் பிறக்கிறாளா என்று மேற்பார்வையிட சண்முகவள்ளி. கையில் ஆணை. ஷைனி ஐந்தாவது வரியை அமுக்கினாள். இந்தத் தடவை விரல் நடுங்கவே இல்லை. பயத்தில் அது மரத்துப் போயிருந்தது.

தீவு வந்தது. சேசுவே, அந்தக் கூட்டத்தை என்னவென்று சொல்வது! வறண்ட பூமியில் பிறந்து, கண்மாய்க் கெண்டையைத் தவிர மீன் பார்க்காத இருநூற்றுப் பதினோரு பேர், ஆடுகிறவர் எழுந்து போன பிறகும் போகாமல், தோளோடு தோள் ஒட்டி, கரை முழுக்கத் தூண்டிலோடு நின்றார்கள். தலைக்கு மேல் பெயர் இல்லை, எண்தான். ஷைனியின் தலைக்கு மேல் 212.

"வாங்க 212," என்று யாரோ எழுத்தில் பேசினார்கள். "கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது 198 எடம்."

"இங்கருந்து வெள்ளைப் பாலத்துக்கு எப்பிடிப் போறது?" ஷைனி தட்டினாள்.

198 தன் தூண்டிலை இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு 57 சொன்னார்: "அப்பிடியெல்லாம் கேக்கக் கூடாது. தூண்டிலப் போடுங்க."

மணி நாலு முப்பத்தைந்து. பாலத்துக்கு நான்சி வந்திருப்பாள். நாலு நாற்பது. ஷைனி முன்னால் சாய்ந்து இரண்டு கையாலும் திரையின் ஓரத்தைப் பிடித்தாள். மூன்று வருடச் சூட்டில் பசை காய்ந்திருந்த அந்தப் பிளாஸ்திரி பொத்தென்று கீபோர்டில் விழுந்தது.

முதலில் ஷைனி தன் கையைத்தான் பார்த்தாள். அழியவில்லை, இருந்தது.

"கண்ண மூடுங்க!" சண்முகவள்ளி அலறினார். "விதி ஒம்பது! எல்லாரும் கண்ண மூடுங்க!"

கடையில் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடினார்கள். நைனா முகமதுவும் மூடினார். சண்முகவள்ளி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். பவுல்ராஜ் ஃபைலை முகத்தில் வைத்துக்கொண்டார். ஷைனிக்கு மட்டும் பயம் வந்தால் கண் மூடாது, அப்படியே விறைத்து நிற்கும். அதனால் அவள் அந்த மூலையைப் பார்த்தாள். சின்னதாக ஒரு நீலப் பொத்தான். அதில் இங்கிலீஷில் இரண்டு வரி. முதல் வரி: இவரை அழி. இரண்டாவது வரி: வேறொருவராகப் பிற.

அமுக்கினாள். உறுதிதானா என்று திரை கேட்டது. கீழே ஆம் என்று ஒன்றும், இல்லை என்று ஒன்றும் இருந்தன. மெட்ராஸில் கேட்டபோது இல்லை என்று ஒன்று இருக்கக்கூடும் என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஆம் என்றாள்.

தீவு போயிற்று. ஐந்து தொழில்களும் மறுபடி வந்தன. வைத்தியர் வரிக்கு விரலைக் கொண்டுபோனாள். மரத்துப்போன விரலுக்கு இப்போது உயிர் வந்துவிட்டது, உயிர் வந்ததும் நடுக்கமும் வந்துவிட்டது. ஒரு வரி தள்ளி அமுங்கியது.

காடு. கையில் வில்.

"மாதாவே!" என்று ஷைனி கத்திவிட்டாள். அதே விரல், அதே ஒரு வரி. நான்கு வருடம் அப்படியே கண்ணுக்குள் ஓடியது. பிறகு கண் தானாக வலது மூலைக்குப் போயிற்று. பொத்தான் அங்கேயேதான் இருந்தது.

மூன்றாம் தடவை பிறந்தபோது காலுக்குக் கீழே வெள்ளைக் கல் இருந்தது. பாலத்தின் நடுவில், வாளை ஊன்றிக்கொண்டு ஒருத்தி நின்றாள்.

"ஏன்டி இம்புட்டு நேரம்?" என்றாள் நான்சி. "ஒரு நாய் என் கையக் கடிச்சிருச்சு. வைத்தியம் பாரு, சீக்கிரம். இவரு முழிச்சிருவாரு."

செல்போனில் செய்தி போய், மண்டபத்தில் போண்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த சடையாண்டி பத்து நிமிடத்தில் வந்துவிட்டார். ஆறாம் நம்பர் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இது எப்பருந்து இங்க இருக்கு?"

"நீங்க வந்த மொத நாள்லருந்து இருக்கு சார்," என்றார் நைனா முகமது. "நீங்கதான பயந்துபோயி ஒட்டுனீங்க."

"அழின்னு போட்டிருந்துச்சு. அதுக்கு மேல நான் படிக்கல."

"அதுக்குக் கீழ ஒரு வரி இருக்கு சார்."

சடையாண்டி கண்ணாடியைப் போட்டு அந்த இரண்டாவது வரியைப் படித்தார். திரும்பவும் படித்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அந்தத் திரையில் தன் தீவைத் திறந்தார். எண் 1 கரையில் நின்றிருந்தது. அவருடைய நகம் அங்கிருந்த பிளாஸ்திரியின் ஓரத்துக்குப் போய் லேசாகத் தூக்கியது. அந்த முகத்தில் அந்த நேரம் ஒரு பனிமலை தெரிந்தது, பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு கட்டைவிரலால் அதை அழுத்தி ஒட்டினார்.

"செயலாளரே," என்றார். "அவசரக் கூட்டம் போடுங்க. பெரிய பிளாஸ்திரியா வாங்கணும்."

சண்முகவள்ளி தலையாட்டிவிட்டு, கீழே விழுந்த பிளாஸ்திரியைக் கேட்டுக் கையை நீட்டினார். அது பவுல்ராஜிடம் இருந்தது. ஃபைலைத் திறந்து, பச்சை மைக் காகிதங்களுக்கு நடுவில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்.

"குடுங்க, அது சங்கச் சொத்து."

"இது ஒரிஜினலுங்க," என்றார் பவுல்ராஜ். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டார். "ஒரிஜினல யாருகிட்டயும் குடுக்கக் கூடாதுன்னு மெட்ராஸ்ல அன்னைக்கே சொல்லியிருக்காங்க. வேணும்னா ஜெராக்ஸ் தாரேன்."

பிறகு மகளின் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தார். திரையில் ஷைனி நான்சியின் கைக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான்சியின் வீட்டுக்காரர் முழிக்க இன்னும் அரை மணி நேரம் இருந்தது. யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்:

"ஏந்தாயி, அன்னைக்கு மெட்ராஸ்லயும் அந்த மூலையில எதையாச்சும் ஒட்டி வச்சிருந்தாங்களா? நீ பாத்தியா?"

ஷைனிக்கு ஞாபகம் இல்லை. அன்று அவள் தன் விரலை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.